டிக்கெட் இல்லாத மேடு

வாஷிங்டனைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு டென்லிடவுனில் வேலை இல்லை. வெள்ளை மாளிகை, லிங்கன் நினைவகம், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் எல்லாம் தெற்கே, நகரின் நடுவில். வடமேற்கில் ஒதுங்கிக் கிடக்கிற டென்லிடவுனில் வீடுகளும் பள்ளிகளும் ஒரு பல்கலைக்கழகமும்தான். ஆனால் கோடை வந்துவிட்டால், வாரத்தில் ஓரிரு மாலைகள் மட்டும், அங்குள்ள மெட்ரோ நிலையத்தின் நீண்ட நகரும் படிகளில் வேறொரு கூட்டம் ஏறி வரும். தோளில் சுருட்டிய விரிப்பு, கையில் சாப்பாட்டுப் பை, கிழிந்த கால்சட்டை, சாயம் போன கறுப்பு டி-சர்ட். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. யாரிடமும் டிக்கெட் இருக்காது. அவர்கள் போகிற ஃபோர்ட் ரீனோ பூங்காவில் 1968 முதல் கோடைக் கச்சேரிகள் இலவசம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஜூலை மாலை அந்தக் கூட்டத்தோடு இரண்டு தமிழ் இளைஞர்களும் மேடேறினார்கள். ஒருவர் ஈரோடு, மற்றவர் மதுரைப் பக்கம். 2000 பிறந்தால் கணினிகள் நின்றுவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த நாட்கள். பழைய கோபால் (COBOL) நிரல்களைத் திருத்த விமானம் ஏற்றப்பட்ட பட்டாளத்தில் இவர்களும் அடக்கம். வர்ஜீனியாவின் வியன்னாவில் ஒரே அறையில் ஜாகை. ஈரோட்டுக்காரருக்குக் கோவையில் கல்லூரி விடுதியில் இருந்தபோதே ஃபுகாஸி என்ற வாஷிங்டன் இசைக்குழுமீது பைத்தியம். யாரோ ஒருவரின் அக்கா அமெரிக்காவிலிருந்து அனுப்பிய ‘ரிப்பீட்டர்’ என்ற 1990-ஆம் ஆண்டுத் தொகுப்பு, நகலுக்கு நகலாக இரைச்சல் ஏறி அவர் கைக்கு வந்திருந்தது. அன்று மாலை மேட்டில் வாசிக்கப்போவது அதே ஃபுகாஸிதான். நண்பருக்கு இளையராஜா போதும்.

“எவ்வளவுடா டிக்கெட்?”

“டிக்கெட்டே கிடையாது.”

“அப்ப நடுவுல உண்டியலக் குலுக்குவாங்களா?”

“அதுவும் இல்ல. சோறு வேணும்னா கட்டிக்கிட்டு வா.”

எலுமிச்சம் சாதம் கட்டப்பட்டது. மாலைவரை ஊரைச் சுற்றலாம் என்று இருவரும் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே கிளம்பினார்கள்.

ஈரோட்டுக்காரர் போட்ட பாதை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இராது. வெள்ளை மாளிகைக்கு எதிரே இறங்கினாலும் அவர் மாளிகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் பார்க்க வந்தது அதற்கு எதிரே உள்ள லஃபாயெட் பூங்காவை. 1991 ஜனவரி 12 அன்று, கடுங்குளிரில், வளைகுடாப் போருக்கு எதிராக ஃபுகாஸி அங்கே வாசித்தது. பாசிட்டிவ் ஃபோர்ஸ் என்ற இளைஞர் குழு ஏற்பாடு செய்த கூட்டம் அது. நான்கு நாட்கள் கழித்து, வாஷிங்டன் நேரப்படி மாலையில், பாக்தாத்மீது குண்டு விழத் தொடங்கியது. பாட்டால் போர் நிற்கவில்லைதான். ஆனால் குடியரசுத் தலைவரின் வாசலில் நின்று இரண்டு கித்தார்களை அலறவிட்ட அந்தக் காட்சி, அமெரிக்க பங்க் இசையின் வரலாற்றை எழுதுகிற யாரும் விட்டுவிட முடியாத ஒன்று.

அங்கிருந்து எஃப் தெருவில் 930-ஆம் எண். 1980-இல் அங்கே திறந்த 9:30 கிளப், சட்டப்படி 199 பேர் மட்டுமே நிற்கக்கூடிய இடம். நாற்றத்துக்கும் எலிகளுக்கும் பேர்போனது. லிங்கன் சுடப்பட்ட ஃபோர்டு அரங்கம் ஒரு திருப்பத்தில், எஃப்.பி.ஐ. தலைமையகம் இன்னொரு திருப்பத்தில். இவர்கள் போனபோது கிளப் அங்கே இல்லை. 1996 தொடக்கத்திலேயே வேறு தெருவில் பெரிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பூட்டிய கதவை ஈரோட்டுக்காரர் படம் எடுத்துக்கொண்டார். “கோயில் நடை சாத்தியிருக்கு, வா போலாம்” என்றார் மதுரைக்காரர்.

அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பின்னாளில் ஃபுகாஸியில் பாடிய இயன் மெக்காய் என்ற வாஷிங்டன் பையன், பள்ளிக் காலத்தில் டீன் ஐடில்ஸ் என்ற குழுவில் இருந்தான். 1980-இல் அவர்கள் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனபோது, மது விற்கிற விடுதிக்குள் பதினெட்டு வயதுப் பையன்களை விட முடியாது என்று வாசலில் தகராறு. கடைசியில் ஒரு வழி கண்டார்கள்: பையன்களின் புறங்கையில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். குறி இருக்கிற கைக்கு மது தரக் கூடாது என்பது ஏற்பாடு. ஊர் திரும்பியதும் இதே முறையை இங்கும் வையுங்கள் என்று வாஷிங்டன் கிளப்காரர்களிடம் இவர்கள் கேட்டார்கள்; 9:30 கிளப்பும் இணங்கியது. சிறுவர்களும் கச்சேரி கேட்க வழி பிறந்தது. அடுத்து மெக்காய் நடத்திய மைனர் த்ரெட் குழுவின் ஒரு பாட்டு, குடியும் போதையும் எனக்கு வேண்டாம் என்று சொன்னதும், அந்தக் கறுப்புக் குறி உலகம் முழுக்க ஒரு கொள்கையின் சின்னமாகிவிட்டது. கொள்கைக்காரர்கள் பிறகு அதை வைத்து அடித்துக்கொண்டதும் உண்டு. மெக்காய் தான் எந்த இயக்கத்துக்கும் தலைவன் இல்லை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜார்ஜ்டவுனுக்கு மெட்ரோ கிடையாது. வெயிலில் நடந்து போய், ஹாகன்-டாஸ் ஐஸ்கிரீம் கடை ஒன்று இருந்த வட்டாரத்தில் நின்றார்கள். மெக்காயும் அவருடைய பால்ய நண்பர் ஹென்றி ராலின்ஸும் அந்தக் கடையில் வேலை பார்த்தவர்கள். ராலின்ஸ் 1981-இல் பிளாக் ஃபிளாக் குழுவின் பாடகராகப் போகும்வரை அங்கே மேலாளர். வாஷிங்டன் ஜூலையின் ஈரப்புழுக்கம் சென்னைக்காரரையே திணறடிக்கும். ஐஸ்கிரீம் கடையில் கூட்டத்துக்கு எப்படிப் பஞ்சம் வரும்?

பிறகு விஸ்கான்சின் அவென்யூ ஏற்றத்தில் முனகிக்கொண்டு போகிற பேருந்தில் டென்லிடவுன். மெட்ரோ நிலையத்தை ஒட்டியே உட்ரோ வில்சன் உயர்நிலைப் பள்ளி. மெக்காயும், அவரோடு சேர்ந்து டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் நெல்சனும் படித்த பள்ளி அது. சேர்த்துவைத்திருந்த கச்சேரிப் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் அதில் டீன் ஐடில்ஸ் இசைத்தட்டை அச்சடித்தார்கள். டிஸ்கார்ட் அப்படிப் பிறந்தது. ஆர்லிங்டனில் ஒரு பழைய வீடுதான் அலுவலகம். தபால் செலவு உட்பட விலை என்ன என்று இசைத்தட்டின் உறையிலேயே அச்சிட்டு விற்றார்கள். கடைக்காரர் கூட்டி விற்க வழி இல்லை.

பள்ளியைத் தாண்டினால் மேடு. வாஷிங்டன் நகரின் மிக உயரமான இயற்கை நிலம் இதுதான், 409 அடி. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல் தலைநகரைக் காக்க இங்கே கோட்டை கட்டினார்கள். 1862-இல் களத்தில் இறந்த தளபதி ஜெஸ்ஸி ரீனோவின் பெயரைப் பிறகு வைத்தார்கள். 1864 ஜூலையில் தெற்குப் படை தலைநகரை நெருங்கி வந்ததை இந்த உயரத்திலிருந்து கண்காணித்தார்கள். இன்று கோட்டையின் சுவடு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. குடிநீர்த் தேக்கம், கோட்டை மாதிரி கட்டிய தண்ணீர்க் கோபுரம், வேலி. பனிப்போர்க் காலத்தில் அணுகுண்டு விழுந்தால் குடியரசுத் தலைவர் தொடர்புகொள்வதற்கான ரகசிய நிலையம் ஒன்றும் இங்கே இருந்தது. அதையும் தண்ணீர்க் கோபுரம் என்று நினைக்கும்படியே கட்டியிருந்தார்கள். அரசாங்கத்தைத் திட்டுகிற பாட்டுகள் இத்தனை ஆண்டுகளாக அந்த நிழலில்தான் ஒலித்தன என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மேட்டின் வேறொரு கதைக்குச் சிரிப்பு வராது. போரின்போது அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த கறுப்பினத்தவர்கள் இந்தக் கோட்டையைச் சுற்றித் தஞ்சம் புகுந்தார்கள். போர் முடிந்ததும் நிலம் சிறு மனைகளாகப் பிரிந்து விலைக்கு வந்தது. விடுதலை பெற்றவர்கள் வாங்கி வீடு கட்டினார்கள். ரீனோ சிட்டி என்று பெயர். தேவாலயங்கள் இருந்தன, கடைகள் இருந்தன, ஏழை வெள்ளையர்களும் பக்கத்து வீடுகளில் இருந்தார்கள். 1903-இல் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஜெஸ்ஸி ரீனோ பள்ளி எழுந்தது. பிறகு சுற்றிலும் வசதியான வெள்ளையர் குடியிருப்புகள் பெருகின. 1920களின் பிற்பகுதியிலிருந்து பூங்கா வேண்டும், நீர்த்தேக்கம் வேண்டும், பள்ளி வேண்டும் என்று அரசு மனை மனையாகக் கையகப்படுத்தியது. 1931-இல் டீல் பள்ளி திறந்தது, 1935-இல் வில்சன் பள்ளி. இரண்டும் வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும். காலிசெய்யப்பட்டவர்களின் பிள்ளைகள் அங்கே கால் வைக்க 1954-இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர வேண்டியிருந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்கிற இந்தப் புல்வெளி, உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டுப் போட்ட புல்வெளி.

தேசியப் பூங்காத் துறையின் இடம் என்பதால் விதிகள் கறார்: மது கூடாது, போதைப்பொருள் கூடாது, கண்ணாடி பாட்டில் கூடாது. ஃபுகாஸிக்கு இதில் கஷ்டமே இல்லை. வாசிக்கிறவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. மேடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். இடுப்புயரத்துக்கு ஒரு திட்டு, ஒலிபெருக்கிகள், அவ்வளவே. பின்னால் திரை இல்லை, பக்கத்தில் டி-சர்ட் கடை இல்லை. மதுரைக்காரர் ஞாபகத்துக்காகச் சட்டை ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். ஃபுகாஸி தன் பெயரில் சட்டையே விற்பதில்லை என்று நண்பர் விளக்கினார். அதைப் பயன்படுத்திக்கொண்டு, “இது ஃபுகாஸி சட்டை அல்ல” என்று அச்சடித்த சட்டைகளை வெளியாட்கள் விற்றுக் காசு பார்த்தது தனிக்கதை.

ஏழு மணிக்கும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே ஜூலையில் சூரியன் மறைய எட்டரை ஆகிவிடும். முதலில் உள்ளூர்ப் பிள்ளைகளின் குழு ஒன்று, பிறகு இன்னொன்று. நாய்கள் விரிப்புக்கு விரிப்பு போய் மோப்பம் பிடித்தன. தாத்தாக்கள் மடக்கு நாற்காலியில். திருவையாற்றில் ஆராதனை நாளில் காவிரிக்கரை மணலில் உட்கார்ந்தவருக்கு இந்தக் கலவை அந்நியமாகப் படாது. எலுமிச்சம் சாதத்தைப் பார்த்து “இது என்ன?” என்று கேட்ட பக்கத்து விரிப்புப் பெண்மணி, இரண்டு கவளம் வாங்கிக்கொண்டு பதிலுக்குத் தர்பூசணித் துண்டுகள் கொடுத்தார்.

பிறகு நான்கு பேர் சாவகாசமாகத் தங்கள் ஆம்ப்களைத் தாங்களே தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார்கள். ஒரு பக்கம் கய் பிச்சோட்டோ, மறுபக்கம் மெக்காய், இருவர் கையிலும் கித்தார். நடுவில் பேஸ் கித்தாருடன் ஜோ லாலி. பின்னால் பிரெண்டன் கேன்ட்டி. அவருடைய டிரம்களுக்கு மேலே ஒரு பெரிய மணி தொங்கும், வேண்டும்போது அதையும் அடிப்பார். என்னென்ன பாட்டு என்று எழுதிய தாள் அவர்களிடம் கிடையாது. ஒரு பாட்டு முடிகிற வேகத்தில் யாராவது ஒருவர் அடுத்ததன் முதல் சுரத்தைத் தொட, மற்ற மூவரும் பிடித்துக்கொள்வார்கள். ஆயிரத்துக்கு அருகில் கச்சேரிகள் செய்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். எட்டு, பத்து ஆண்டுகள் சேர்ந்து உழைத்த கைகளுக்கு மட்டும் வருகிற காரியம் அது.

நகல் கேசட்டில் கேட்ட இரைச்சலை எதிர்பார்த்து வந்த ஈரோட்டுக்காரருக்கு முதல் அதிர்ச்சி, இடைவெளிகள். இந்த இசையில் சத்தத்தைவிட நிறுத்தங்கள் துல்லியம். ‘வெயிட்டிங் ரூம்’ என்ற அவர்களுடைய பேர்போன பாட்டு பேஸ் கித்தாரின் ஒற்றைச் சரடில் தொடங்கும். கித்தார்கள் சேர்ந்து ஏறிக்கொண்டே வந்து, சட்டென்று எல்லாம் நின்றுவிடும். ஒரு மூச்சு நேரம். பிறகு நால்வரும் ஒரே கணத்தில் திரும்ப இறங்குவார்கள். அன்று அந்த ஒரு மூச்சு நேரத்தில் மேடு முழுக்கச் சில்வண்டுகளின் கத்தல் கேட்டது. அடுத்த கணம் மொத்தக் கூட்டமும் எம்பிக் குதித்தது. லாலி ரெகே இசையில் ஊறியவர் என்பதும், கறுப்பின இளைஞர்களின் பேட் பிரெயின்ஸ் குழுதான் இந்த நகரத்துப் பிள்ளைகளுக்கு வேகத்தையும் ரெகேவையும் ஒன்றாகக் கற்றுக்கொடுத்தது என்பதும் நினைவுக்கு வந்தால், அந்தச் சரடு எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

பிச்சோட்டோ நிற்கிற ஆள் இல்லை. 1988-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் கூடைப்பந்து வளையத்துக்குள் உடம்பைத் திணித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பாடியவர். ஜெம் கோஹன் எடுத்த ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்ற ஆவணப்படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. ஃபோர்ட் ரீனோவில் தொங்க ஒன்றும் இல்லாததால் அவர் ஆம்ப்மீது சரிந்தார், தரையில் உருண்டார். மெக்காய் நேர் எதிர்: மொட்டைத் தலை, விறைத்த கழுத்து, கூட்டத்தின்மேல் ஒரு கண்.

அந்தக் கண்தான் இந்தக் குழுவின் தனித்தன்மை. பங்க் கச்சேரி என்றால் முன்வரிசையில் முட்டி மோதி, தலைகளின்மேல் ஏறி உருள்வார்கள் என்பது வழக்கமாகிவிட்ட காலம். அதில் சிறுவர்களும் பெண்களும் பின்னுக்குத் தள்ளப்படுவதை ஃபுகாஸி ஏற்கவில்லை. பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு மெக்காய் ஆளைச் சுட்டிப் பேசுவார். “ஐயா” என்று மரியாதையாகத்தான் தொடங்குவார். கேட்காதவரை வெளியே அனுப்பும்போது டிக்கெட் காசு 5 டாலரை உறையில் போட்டுக் கொடுத்து அனுப்புவது வழக்கம். ஒரு கச்சேரியில் பிச்சோட்டோ, அடாவடி செய்த ஒருவனைப் பார்த்து, வெளியே நீ சின்னப் பிள்ளை மாதிரி ஐஸ்கிரீம் சாப்பிட்டதை நான் பார்த்தேன் என்று எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கினார். அதுவும் கோஹனின் படத்தில் பதிவாகி இருக்கிறது.

ஃபோர்ட் ரீனோவில் அன்றும் ஒருமுறை பாட்டு நின்றது. முன்னால் இடித்துக்கொண்டிருந்த பையன்களிடம், உங்கள் காலடியில் குழந்தைகள் இருக்கிறார்கள், பாருங்கள் என்கிற மாதிரி மெக்காய் சொன்னார். கூட்டம் கைதட்டியது. “பாட்டு வாத்தியார்டா இவரு” என்றார் மதுரைக்காரர்.

அந்த 5 டாலரைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பிரபலக் குழுக்களின் டிக்கெட் இருபதும் முப்பதுமாக ஏறிய தொண்ணூறுகளில், உலகம் சுற்றிய ஃபுகாஸி தன் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் 5 டாலரே வாங்கியது. எல்லா வயதினருக்கும் அனுமதி என்று ஒப்புக்கொண்ட இடத்தில்தான் வாசித்தது. இதில் தியாகம் எதுவும் இல்லை, கணக்குத்தான். மேலாளர் இல்லை, விளம்பரம் இல்லை, பயணத்தில் சொகுசு இல்லை. செலவைக் குறைத்தால் விலையைக் குறைக்கலாம். விலையைக் குறைத்தால் யாருக்கும் கடன்பட வேண்டாம். நிர்வாணா குழு 1991-இல் வெடித்தபின் பெரிய நிறுவனங்கள் பங்க் குழுக்களைத் தேடி அலைந்தபோது, அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸை நிறுவிய அஹ்மத் எர்டெகுன் நேரில் வந்து இவர்களைக் கேட்டுப் பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டார்கள். இந்தக் கட்டுப்பாட்டில் ஒரு வறட்டுத்தனம் உண்டு என்று குறைசொன்ன ரசிகர்களும் இருந்தார்கள். சிரிக்கத் தெரியாத சாமியார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. மேடையில் அவர்கள் அடித்த ஜோக்குகளைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இருட்டியதும் இரண்டு வெள்ளை விளக்குகள் மட்டும். ஒன்பதரைக்குள் எல்லாம் முடிந்தது, சுற்றிலும் குடியிருப்புகள். நால்வரும் தாங்களே வயர்களைச் சுருட்டினார்கள். சிவப்புத் தடத்தில் மெட்ரோ சென்டர், அங்கிருந்து ஆரஞ்சுத் தடத்தில் வியன்னா. வண்டியில் மதுரைக்காரர் அந்த மணியைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார்.

ஃபுகாஸியின் கடைசிக் கச்சேரி 2002 நவம்பரில், லண்டனில். குழு கலைந்தது என்று அவர்கள் அறிவித்ததே இல்லை; ஆனால் திரும்பவும் மேடையில் கூடவில்லை. ஃபோர்ட் ரீனோ கச்சேரிகள் மட்டும் நிற்கவில்லை, நிறுத்தப் பார்த்தபோதும். 2008-இல் மண்ணில் ஆர்சனிக் இருக்கிறது என்று பூங்காவை மூடினார்கள். மறுபரிசோதனையில் ஆபத்தில்லை என்று தெரிந்து திறந்தார்கள். 2014-இல், காவலர் ஒருவரை நிறுத்துவதற்கான சம்பளத்தை நடத்துபவர்களே கட்ட வேண்டும் என்று நிபந்தனை வந்தது. இலவசக் கச்சேரிக்கு அந்தச் செலவு கட்டுப்படி ஆகாது என்று அமைப்பாளர் அமண்டா மெக்காய், அதாவது இயனின் தங்கை, அந்தக் கோடையையே ரத்து செய்தார். நகரின் நாடாளுமன்றப் பிரதிநிதி எலினார் ஹோம்ஸ் நார்ட்டன் தலையிட்ட பிறகுதான் சமரசம் உண்டாகிக் கச்சேரிகள் நடந்தன.

2011 முதல் ஃபுகாஸி தன் பழைய கச்சேரிப் பதிவுகளை இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. எண்ணூறுக்கும் மேல் இருக்கின்றன, ஃபோர்ட் ரீனோ மாலைகள் உட்பட. குறிப்பிட்ட விலை 5 டாலர். கேட்பவர் 1 டாலரும் தரலாம், 100 டாலரும் தரலாம். பாட்டுகளுக்கு நடுவே மெக்காய் திட்டியதையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

இப்போது போகிறவர்களுக்குச் சில விவரங்கள். இறங்க வேண்டியது அதே டென்லிடவுன் நிலையம். பள்ளியின் பெயர் மாறிவிட்டது. 2022 முதல் ஜாக்சன்-ரீட். அரசு அலுவலகங்களில் நிறப்பிரிவினையைக் கொண்டுவந்த வில்சனின் பெயரை எடுத்துவிட்டு, அந்தப் பள்ளியில் வேலை பார்த்த முதல் கறுப்பின ஆசிரியையின் பெயரையும் முதல் கறுப்பின முதல்வரின் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இடி மழை வந்தால் கச்சேரி ரத்து, அன்று மாலைதான் தெரியும். விரிப்பும் சாப்பாடும் கொண்டுபோகலாம். கொஞ்சம் முன்னதாகப் போகிறவர்கள் டீல் பள்ளி வளாகத்தை ஒட்டி நடந்தால் சிறிய செங்கல் கட்டடம் ஒன்று தெரியும். அதுதான் 1903-இல் கட்டிய ஜெஸ்ஸி ரீனோ பள்ளி. பல காலம் பாழடைந்து கிடந்ததைப் புதுப்பித்து டீல் பள்ளியோடு சேர்த்திருக்கிறார்கள்.